நாற்பது செகண்டும் கால் மணி நேரமும்

மெத்தைக் கடைக்காரர் அதை முதலில் சொன்னபோது எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"நாப்பது செகண்டுங்கண்ணா. அதுக்குள்ள நீங்க யாரு, என்ன தொழிலு, உங்களால அடுத்தவனுக்கு என்ன லாபம்னு சொல்லிப்போடணும். நாப்பத்தொண்ணுல மணி அடிச்சுருவாங்க."

நான் என்ன பஸ் ஸ்டாண்டில் பல்பொடி விற்கிறவனா என்று கேட்டேன். அவர் சிரித்தார். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். சேலத்தில் கடை வைத்திருக்கிறார். ஏற்காட்டு லாட்ஜுகளுக்கு அவர் மெத்தையும் தலையணையும் போடுகிறவர். அதே லாட்ஜுகளின் விரிப்பையும் துண்டையும் துவைத்துக் காயவைத்துக் கொடுப்பவன் நான். நான் துவைப்பது அவர் மெத்தை மேல்தான் கிடக்கிறது என்பதால் அவருக்கு என் மேல் ஒரு உரிமை. நான் எத்தனை முறை எரிந்து விழுந்தாலும் மறுநாள் போன் செய்வார்.

சேலத்தில் ஒரு ஓட்டல் ஹாலில் புதன்கிழமைதோறும் காலை ஏழு மணிக்கு வியாபாரிகள் கூடுகிறார்களாம். ஒரு தொழிலுக்கு ஒரே ஆள்தான். ஒவ்வொருவரும் எழுந்து நாற்பது செகண்டு பேச வேண்டும். பேச்சு மனதில் நின்றால் மற்றவர்கள் வேலை பிடித்துக் கொடுப்பார்கள். லாண்டரிக்கு அங்கே இடம் காலியாக இருந்தது. அதைவிட முக்கியம், எனக்கு மிச்சமிருந்த ஒரே பெரிய வாடிக்கையாளர், ஏற்காட்டில் மூன்று ரிசார்ட் வைத்திருப்பவர், அந்தக் கூட்டத்துக்குத் தவறாமல் வருகிறவர். அடுத்த மாதத்திலிருந்து துணியெல்லாம் சேலத்துக்கு இறக்கிவிடப் போவதாக அவருடைய மேனேஜர் எனக்குச் சொல்லி ஒரு வாரம் ஆகியிருந்தது. கீழே வெயில் இருக்கிறது. காலையில் வண்டி இறங்கினால் மாலையில் காய்ந்து ஏறிவிடும்.

அந்தத் துணியும் போய்விட்டால் கடையை மூட வேண்டியதுதான். மூடினால் பெங்களூருக்கு மகன் வீட்டுக்குப் போக வேண்டும். "இன்னும் எத்தனை நாளைக்குப்பா ஒத்தையில கெடப்பீங்க, வந்துருங்கப்பா" என்று வாரா வாரம் சொல்கிறான். நல்ல பையன். நானும் போய் ஒன்பது நாள் இருந்து பார்த்தேன். எட்டாவது மாடி. காலை எட்டு மணிக்கு அவனும் மருமகளும் கதவைச் சாத்திக்கொண்டு போனால் இருட்டிய பிறகுதான் திறக்கும். நடுவில் ஒரு பொட்டு வேலை கிடையாது. பால்கனிக் கொடியில் நாலு சட்டை காயும். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கேயும் தனிமைதான், ஆனால் இங்கே அதற்கு வேலை இருக்கிறது. இதை மகனிடம் சொன்னால் வருத்தப்படுவான், அதனால் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஏற்காட்டில் வெள்ளக்கடை கிராமத்துக்குப் போகிற பாதையில் எங்கள் வீடு. பின்னால் தகரக் கொட்டகை, அதுதான் லாண்டரி. நான் ஒரு பெரிய ஓட்டலில் ரூம் பாயாக இருந்தவன். அவள், என் சம்சாரம், அதே ஓட்டலில் துணி மடிக்கிறவள். கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு பேரும் வேலையை விட்டுவிட்டு, பழைய மிஷின் ஒன்றை வாங்கி இதை ஆரம்பித்தோம். ஏற்காட்டில் மூடுபனி இறங்கிவிட்டால் கொடியில் போட்ட கைக்குட்டைகூட மூன்று நாளைக்குக் காயாது. காஸில் ஓடுகிற டிரையர் இல்லாமல் லாண்டரி நடத்த முடியாது.

டிரையர் இருந்தாலும் காய்ந்ததா இல்லையா என்று கண்டுபிடிப்பது தனி வேலை. குளிரில் துணியைக் கையால் தொட்டால் எல்லாமே ஈரம் போலத்தான் இருக்கும். அவள் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். ஒவ்வொரு விரிப்பையும் எடுத்து, ஒரு மூலையைக் கன்னத்தில் ஒற்றி, சரியென்றால் மேஜைமேல் விரிப்பாள், இல்லையென்றால் மறுபடி டிரையருக்குள் போடுவாள். "என்ன, துணிக்கெல்லாம் முத்தம், எனக்கு ஒண்ணுமில்லையா" என்று நான் வேலைக்கார அம்மாக்கள் முன்னாலேயே கேலி செய்வேன். "கைக்கு ஒண்ணுந் தெரியாதுங்க, பேசாம சோலியப் பாருங்க" என்பாள்.

மேஜைமேல் விரித்ததை உடனே மடிக்க விடமாட்டாள். "ஆறட்டும், இருங்க" என்பாள். கால் மணி நேரம். அந்த நேரத்தில் டீ போடுவாள். கொட்டகையில் இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல். உட்கார்ந்து குடித்துக்கொண்டே ஊர் வம்பெல்லாம் பேசுவோம். எந்த லாட்ஜில் மேனேஜர் மாறினான், தலைச்சோலைப் பக்கம் யார் காப்பித் தோட்டத்தை விற்றார்கள், மகன் ஏன் போனில் சரியாகப் பேசவில்லை, எல்லாம் அந்தக் கால் மணி நேரத்தில்தான். ஒரு நாளைக்கு ஆறு ஏழு முறை அப்படி உட்காருவோம். அவளுக்கு முழங்கால் வலி, உட்காருவதற்கு ஒரு சாக்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

மாசி மாதம் ஒரு மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆம்புலன்ஸ் பாதி மலைகூட இறங்கவில்லை. அதற்கு மேல் எனக்கு எழுத வராது.

காரியம் முடிந்து மகன் ஊருக்குப் போனதும் மறுநாளே மிஷினைப் போட்டேன். கன்னத்தில் வைத்துப் பார்க்கிற வேலை எனக்கு வந்தது. தாடி முள்ளாக இருந்தால் ஈரம் தெரியவில்லை. அதனால் தினமும் காலையில் முதல் வேலையாகச் சவரம் செய்துகொள்ள ஆரம்பித்தேன். வாழ்க்கையில் இவ்வளவு மழமழவென்று நான் இருந்ததே இல்லை. சூடான விரிப்பை முகத்தில் வைக்கும்போது கொஞ்ச நேரம் கூடுதலாகவே வைத்திருப்பேன். முகத்தில் வேறு எந்தச் சூடும் படாத நாட்கள் அவை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

டீ போடுவதை மட்டும் விட்டுவிட்டேன். அந்த ஸ்டூலில் ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தேன். எதிரில் இன்னொரு ஸ்டூல். இரண்டு நிமிடம்கூட இருக்க முடியவில்லை. எழுந்து இரண்டையும் வீட்டுக்குள் கொண்டுபோய்ப் போட்டேன். அதற்குப் பிறகு டிரையரிலிருந்து எடுத்த கையோடு கன்னத்தில் வைத்துப் பார்த்து, மடித்து, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டிவிடுவேன். கை ஓயாமல் இருந்தால் போதும் என்று இருந்தது.

கோடை முழுக்க ஒரு குறையும் வரவில்லை. சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு லாட்ஜெல்லாம் நிரம்பி வழிந்தபோதுகூட ஒரே ஆளாகச் சமாளித்தேன். ஆடியில் பனி இறங்கியது, குறை ஆரம்பித்தது. விரிப்பு ஈரமாக இருக்கிறது, துண்டு நாறுகிறது என்று ஒவ்வொரு லாட்ஜாகச் சொன்னார்கள். என் வாய் சும்மா இருக்குமா? "கன்னத்துல வெச்சுப் பாத்துத்தான் கட்டறன், உங்க ஸ்டோர் ரூம் ஒழுகுது, அதைப் போய்ப் பாருங்க" என்று எல்லோரிடமும் சண்டை போட்டேன். ரிசார்ட் மேனேஜரிடம் போட்டது பெரிய சத்தம். வெள்ளக்கடையிலிருந்து வேலைக்கு வந்த இரண்டு அம்மாக்களும் துணி குறையக் குறைய எஸ்டேட் வேலைக்குப் போய்விட்டார்கள். லாட்ஜ்காரர்கள் எல்லோரும் சேர்ந்து பொய் சொல்கிறார்கள் என்று நான் மனதார நம்பினேன். என் கன்னம் எனக்குச் சாட்சியாக இருந்தது.

அதனால்தான் அந்த நாற்பது செகண்டுக்கு ஒப்புக்கொண்டேன். ரிசார்ட் முதலாளியின் முகத்துக்கு நேராக, ஊர் வியாபாரிகள் முன்னால், என் துணியில் ஈரம் இல்லை என்று சொல்லிவிட வேண்டும்.

லாண்டரிச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். போனில் நேரம் வைத்துப் படித்தால் நான்கு நிமிடம் வந்தது. மெத்தைக் கடைக்காரரிடம் போனில் படித்துக் காட்டினேன். அவர் ஒவ்வொன்றாகக் கழித்தார். ரூம் பாயாக இருந்தது வேண்டாம். மிஷின் வாங்கிய கதை வேண்டாம். கடைசியில் ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக வந்து நின்றது.

"அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. அக்காவப் பத்திச் சொல்ற எடத்துல பதினஞ்சு செகண்டு போயிருதுங்க. காலங்காத்தால அங்க யாரும் சோகக் கதை கேக்க வர்றதில்லீங்க."

"உம்பட மெத்தையில பஞ்சு இருக்குதா இல்லையான்னு மட்டும் நீ பாரு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். இரண்டு நாள் அவர் அடித்த போனை நான் எடுக்கவே இல்லை. மூன்றாம் நாள் நானே பேனாவை எடுத்து அந்த இரண்டு வரியை அடித்தேன். அடித்தபின் படித்தேன். முப்பத்தெட்டு செகண்டு. கச்சிதமாக இருந்தது. அவள் அதில் இல்லை. டிரையரின் வட்டக் கண்ணாடிக் கதவில் என் முகம் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே நாள் முழுக்கச் சொல்லிப் பழகினேன். நானும் என் முகமும் அவ்வளவு பேசிக்கொண்டது அதற்கு முன்னால் கிடையாது.

புதன்கிழமை விடியற்காலை எழுந்து, சவரம் செய்து, இரண்டு டஜன் சின்னத் துண்டுகளை டிரையரில் போட்டு எடுத்தேன். பேசி முடித்ததும் துண்டை நீட்டித் தொட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்பது மெத்தைக் கடைக்காரரின் யோசனை. ஒவ்வொன்றையும் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். பொறுக்க முடியாத சூடு, ஒரு பொட்டு ஈரம் இல்லை. சுடச்சுட மடித்து, கவரில் போட்டு, காற்று புகாமல் டேப் ஒட்டி, பையில் அடுக்கி, ஸ்கூட்டரில் முன்னால் வைத்துக்கொண்டு இறங்கினேன். பனி முகத்தில் அடித்தது. இருபது கொண்டை ஊசி வளைவும் முடிகிற வரை அந்த முப்பத்தெட்டு செகண்டையே முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். எதிரே வந்த பால் வண்டிக்காரர் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

ஹாலில் எல்லோரும் கோட்டும் டையுமாக இருந்தார்கள். நான் ஒருவன்தான் ஸ்வெட்டர். சேலத்துச் சூட்டில் ஐந்து நிமிடத்தில் முதுகு நனைந்துவிட்டது, கழற்றினால் உள்ளே சட்டை கசங்கல். ரிசார்ட் முதலாளி இரண்டாவது மேஜையில் இருந்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், அவ்வளவுதான். ஆளாளுக்கு எழுந்து பேசினார்கள். எனக்கு முன்னால் பேசியது கரையான் மருந்து அடிக்கிற ஒரு அம்மா. "கரையானுக்கு உங்க ஊடுதான் சோறு. எங்களுக்குக் கரையான்தான் சோறு" என்று முடித்தார். ஹாலே கைதட்டியது. என்னைப் பார்த்து, "போங்கண்ணா, ஒண்ணும் பயமில்லை" என்றார்.

எழுந்து ஒரு கவரைப் பிரித்துத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டேன்.

"வணக்கமுங்க. ஏற்காட்டுல லாண்டரி வெச்சிருக்கறனுங்க. மலையில பனி எறங்கிட்டா துணி காயாது. ஈரத்துல படுத்த கெஸ்டு மறுக்கா உங்க லாட்ஜுக்கு வரமாட்டாரு. என்ர துணியில ஒரு பொட்டு ஈரம் இருக்காதுங்க."

அடுத்து "தொட்டுப் பாருங்க" என்று துண்டை நீட்ட வேண்டும். ஆனால் ஒரு துணியை அடுத்தவர் கையில் கொடுப்பதற்கு முன்னால் என் கை தானாகச் செய்கிற ஒன்று இருக்கிறது. துண்டு கன்னத்துக்குப் போய்விட்டது.

ஈரம்.

வேர்வையாக இருக்கும் என்று கன்னத்தைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். ஈரம்தான். இன்னொரு கவரைக் கிழித்தேன். அதுவும் ஈரம். கவரின் உட்பக்கத்தில் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்து நின்றது. சுடச்சுடக் கட்டிய துணி, வழியெல்லாம் குளிரில் கவருக்குள்ளேயே வேர்த்திருக்கிறது. அந்த இடத்தில்தான் எனக்குப் புரிந்தது, அவள் எதற்காக "ஆறட்டும்" என்று சொன்னாள் என்பது. ஆடி மாதத்திலிருந்து நான் ஊரெல்லாம் போட்ட சண்டை முழுக்கக் கண் முன்னால் வந்தது.

அந்த ஹாலில் யார் தொட்டாலும் தெரிந்திருக்காது. ஓட்டல் துண்டு போல மெத்தென்று இருந்தது. நீட்டிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். மெத்தைக் கடைக்காரர் கையை ஆட்டி ஆட்டிப் பேசச் சொல்கிறார். நேரம் ஓடுகிறது. ரிசார்ட் முதலாளி என்னையே பார்க்கிறார்.

"மன்னிச்சுக்கங்க. இது ஈரமா இருக்குதுங்க. இதை நான் குடுக்க மாட்டன்" என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "என்ர சம்சாரம் இருந்திருந்தா இது மலைய உட்டே எறங்கியிருக்காதுங்க. துணி ஆறாம கட்ட உடமாட்டா. அவ போனதுக்கப்புறம் நான்தான் ஆறவே உடாம..."

மணி அடித்துவிட்டது.

யாரும் கைதட்டவில்லை. துண்டுகளைப் பையில் திணித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அடித்துப் போட்ட பதினைந்து செகண்டும் கடைசியில் வந்தேவிட்டது. ஆனால் நான் எழுதி வைத்திருந்தது போல இல்லை. கரையான் மருந்து அம்மா தன் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்தார். குடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது, வரவில்லை.

டிபன் நேரத்தில் ரிசார்ட் முதலாளி காப்பி டம்ளரோடு என் மேஜைக்கு வந்தார். பையிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கையால் தடவிப் பார்த்தார்.

"காஞ்சுதானுங்க இருக்குது?"

"கன்னத்துல வெச்சுப் பாருங்க."

அத்தனை பேர் நடுவில் அவர் துண்டைக் கன்னத்தில் வைத்தார். "ஆமாங்க" என்றார். பிறகு, "எங்க ஸ்டோர் ரூம் ஒழுகுதுன்னு என்ர மேனேஜரப் புடிச்சுக் கத்துனீங்களாமா?" என்று கேட்டார்.

"கத்துனனுங்க. உங்க ஸ்டோர் ரூம் ஒழுகலீங்க. தப்பு என்மேலதானுங்க."

அவர் துண்டை மடித்து என்னிடம் கொடுத்தார். "இன்னும் ஒரு மாசம் உங்களுக்கே அனுப்பறனுங்க. அதுக்குள்ள ஒரு துண்டு ஈரமா வந்தாலும் வண்டி கீழ எறங்கிரும். அப்ப என்னையத் தப்பு சொல்லக்கூடாது."

"சொல்ல மாட்டனுங்க" என்றேன்.

மெத்தைக் கடைக்காரர் என்னை வாசலில் வந்து பிடித்தார். "அண்ணா, நான் சொல்லிக் குடுத்த கடைசி வரிய நீங்க சொல்லவே இல்லீங்க. ஆனா உங்கள இனி இங்க ஒருத்தரும் மறக்க மாட்டாங்க" என்று சொல்லி உறுப்பினர் படிவம் ஒன்றைக் கையில் திணித்தார்.

மறுநாள் ரிசார்ட் வண்டி வந்து மூட்டைகளை இறக்கிவிட்டுப் போனது. பனி வாசற்படி வரை வந்து நின்றது. முதல் ஈடு துவைத்து டிரையரில் போட்டு எடுத்தேன். கன்னத்தில் வைத்துப் பார்த்து ஒவ்வொன்றாக மேஜைமேல் விரித்தேன். கை மடிக்கத் துடித்தது. வேண்டாம் என்று நானே சத்தமாகச் சொல்லிவிட்டு, வீட்டுக்குள் போய் ஸ்டூலை எடுத்து வந்தேன். ஒன்று போதும் என்று நினைத்துத்தான் போனேன். இரண்டும் ஒன்றுக்குள் ஒன்றாக இறுகியிருந்தது, பிரிக்க வரவில்லை. அப்படியே தூக்கி வந்து போட்டு, அதன் மேல் உட்கார்ந்தேன். வழக்கத்தைவிட ஒரு சாண் உயரமாக இருந்தது.

டீ போட்டேன். சர்க்கரை கூடிவிட்டது. போன் ஒருமுறை அடித்தது, மகன்தான். மாலையில் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். நேரத்தைக் கழிக்க அந்தப் படிவத்தை எடுத்து நிரப்பினேன். பெயர், தொழில், முகவரி. கடைசிக் கட்டத்தில், நீங்கள் வர முடியாத வாரம் உங்களுக்குப் பதிலாகப் பேசுபவர் யார் என்று கேட்டிருந்தது. "நான் வராமல் இருக்கமாட்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மணியைப் பார்த்தேன். ஆறு நிமிடம்தான் ஆகியிருந்தது. அவளைப் பற்றிச் சொல்ல நாற்பது செகண்டு போதவில்லை என்று அவ்வளவு சண்டை போட்டவன் நான். இன்னும் ஒன்பது நிமிடம் இருந்தது. இன்றைக்கு மட்டும் இன்னும் ஐந்து ஈடு இருந்தது. விரிப்பிலிருந்து ஆவி மெதுவாக எழுந்து போய்க்கொண்டிருந்தது. ரிசார்ட்டில் மேனேஜர் மாறவில்லை என்று வாய்விட்டுச் சொன்னேன். அப்புறம் சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல், துணி ஆறுகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.